தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குக் கொடுத்தவருக்கு: புல்லேலா கோபிசந்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோபிசந்த் அவர்களுக்கு,



அர்ஜுனா, கேல் ரத்னா, பத்மஸ்ரீ, துரோணாச்சார்யா, பத்மபூஷண் என்று அரசாங்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லி முடித்துவிட்டது. நாங்கள்தான் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் என்றால், விடியும் முன்பே பிள்ளையை எழுப்பி, மட்டைப் பையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஷட்டில் கோர்ட்டுக்குப் போகிற பெற்றோர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நம் பிள்ளைகளும் இதில் தேறலாம் என்று எங்களை நினைக்க வைத்தவர் நீங்கள்தான்.

வெற்றி பெற்ற வீரர்கள் நம் நாட்டில் உண்டு. வெற்றிக்குப் பிறகு பயிற்சியாளர் ஆனவர்களும் உண்டு. தான் ஆடிய காலத்தில் தனக்கு என்னென்ன இல்லாமல் போயின என்று கணக்கெடுத்து, அவற்றை ஒவ்வொன்றாக அடுத்த தலைமுறைக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் வாங்கிய கோப்பையை விட எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அந்தக் கோப்பையிலிருந்தே தொடங்குகிறேன். 2001 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காமில் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் போட்டியின் இறுதி ஆட்டம். அதே நாளில் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் தொடங்கியிருந்தது. ஹர்பஜன் சிங் ஹாட்ரிக் எடுத்தார்; டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் ஹாட்ரிக். அதே டெஸ்டில் உங்கள் ஊர்க்காரரான லட்சுமண் 281 ரன் குவித்தார். அந்த வாரம் முழுக்க நாடு பேசியது கிரிக்கெட்டைத்தான். அந்த ஆரவாரத்துக்கு நடுவே நீங்கள் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்ற கணக்கில் வென்று, 1980-இல் பிரகாஷ் படுகோன் வாங்கிய பட்டத்தை 21 ஆண்டுகள் கழித்து மறுபடியும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தீர்கள்.

வழியில் நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜி ஷின்பெங்கைத் தாண்டினீர்கள். அரையிறுதியில் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்த டென்மார்க்கின் பீட்டர் கேடை 17-14, 17-15 என்று நேர் செட்களில் மடக்கினீர்கள். அப்போதெல்லாம் சர்வீஸ் போட்டவர் ஜெயித்தால்தான் புள்ளி. எதிராளி சர்வீஸ் போடும்போது நீங்கள் ஜெயித்தால் சர்வீஸ் உங்கள் கைக்கு வரும், அவ்வளவுதான். ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு பேரும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலில் பலம் இல்லாதவர் அந்த முறையில் நின்று பிடிக்க முடியாது.

உங்கள் காலின் கதையோ எல்லோருக்கும் தெரிந்தது. 1994-இல் இரட்டையர் ஆட்டம் ஒன்றில் கூட்டாளியுடன் மோதி முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சைகள், மாதக்கணக்கில் ஓய்வு. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் 1996 தொடங்கி 2000 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தேசியச் சாம்பியன் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தீர்கள். பர்மிங்காமில் கோப்பையைத் தூக்கியபோது உங்களுக்கு வயது 27.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் விளம்பரத்துக்குக் கூப்பிட்டது. உடம்புக்குக் கெடுதலான ஒன்றை, நான் குடிக்காத ஒன்றை, பிள்ளைகளிடம் போய்க் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டீர்கள். பேட்மிண்டன்காரரின் வீட்டுக் கதவைப் பணம் தானாக வந்து தட்டாத காலம் அது. அந்த மறுப்பை அன்று செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்தவர்கள் பலர். பிள்ளை பெற்ற பிறகுதான் அதன் அருமை எங்களுக்குப் புரிந்தது. வீட்டில் குளிர்பானம் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு உதாரணம் சொல்ல எங்களுக்கு இருக்கிற சாம்பியன் நீங்கள்தான்.

படிப்பில் உங்கள் அண்ணன் கெட்டிக்காரர், அவர் ஐ.ஐ.டி.க்குப் போனார். நீங்கள் பொறியியல் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. தேறாமல் போனதுதான் என் அதிர்ஷ்டம் என்று மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைய பிரகாசம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வேர்விட்டு ஹைதராபாதில் குடியேறிய ஒரு நடுத்தரக் குடும்பம், பிள்ளைகளில் ஒருவனை முழுநேரமாக விளையாட்டுக்கு விடுவது என்றால் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா அம்மாவுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சாம்பியன் ஆன பிறகு பயிற்சி மையம் ஒன்று கட்ட நினைத்தீர்கள். 2003-இல் அன்றைய ஆந்திர அரசு ஹைதராபாதின் கச்சிபௌலியில் ஐந்து ஏக்கர் நிலம் கொடுத்தது. கட்டடம் எழுப்பப் பணம் இல்லை. பணம் கேட்டு ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் நாள்கணக்கில் காத்திருந்ததையும், கடைசியில் பேட்மிண்டனை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தோரணையில் பதில் வந்ததையும் நீங்களே பின்னால் சொல்லியிருக்கிறீர்கள். ஆல் இங்கிலாந்து சாம்பியனுக்கே அந்தக் கதி. அதன் பிறகு யாரிடமும் போய்க் கையேந்துவதில்லை என்று முடிவு செய்து, நீங்களும் உங்கள் மனைவி லட்சுமி அவர்களும் வீட்டை அடமானம் வைத்தீர்கள். பிறகு தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் 5 கோடி ரூபாய் கொடுத்தார். இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்று வேண்டும், அதுதான் அவர் எதிர்பார்த்தது. 2008-இல் எட்டு கோர்ட்டுகளோடு அகாடமி திறந்தது.

வீட்டை அடமானம் வைப்பதற்கு ஒரு ஆள் சம்மதித்தால் போதாது. லட்சுமி அவர்களும் சாதாரணமானவர் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். தன் ஆட்டத்தைத் தன் கணவரின் கனவுக்குள் கரைத்துக்கொண்ட பெண்களைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. அவருக்கும் தனியாக என் நன்றி.

நீங்கள் ஆடிய நாளில் காயம் பட்டால் நல்ல மருத்துவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். உங்கள் மையத்தில் பிசியோதெரபி, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், தங்கும் அறை எல்லாம் ஒரே வளாகத்தில் வந்தன. உங்களுக்குச் சமமாக நின்று ஆட அன்று உள்ளூரில் ஆள் குறைவு. உங்கள் மாணவர்களுக்குப் பக்கத்து கோர்ட்டிலேயே சர்வதேச வீரர் ஒருவர் கிடைத்தார். பிரகாஷ் படுகோனுக்கும் உங்களுக்கும் நடுவே 21 ஆண்டு இடைவெளி விழுந்ததற்குத் திறமைப் பஞ்சம் காரணம் இல்லை. ஒரு சாம்பியன் ஓய்வு பெற்றால் அவரோடு சேர்ந்து எல்லாமே வீட்டுக்குப் போய்விடும், அதுதான் காரணம். அந்தப் பழக்கத்தை நீங்கள் முறித்தீர்கள்.

2006-இல் தேசியப் பயிற்சியாளர் பொறுப்பு வந்தது. அதே ஆண்டில்தான் உலக பேட்மிண்டன் தன் புள்ளிக் கணக்கை மாற்றியது. சர்வீஸ் யார் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி; 21 புள்ளிக்கு ஒரு கேம். நீங்கள் எந்த முறையில் ஆடி உலகை வென்றீர்களோ, அந்த முறையே இல்லாமல் போயிற்று. பொறுமையாக எதிராளியைக் களைப்படைய வைக்கும் ஆட்டத்துக்கு மதிப்புக் குறைந்தது. முதல் புள்ளியிலிருந்தே பாய வேண்டியதாயிற்று. எங்கள் காலத்தில் இப்படித்தான் ஆடினோம் என்று கதை சொல்லிக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். நீங்களோ புதிய ஆட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டீர்கள்.

காலை நாலரை மணிக்கு நீங்கள் கோர்ட்டில் நிற்பீர்கள் என்பதை உங்கள் மாணவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பார்க்காதவர்களுக்கு அது ஒரு புகழ்ச்சி வாசகம். பிள்ளையோடு கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பயிற்சியாளர் ஷட்டிலை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளை முன்னும் பின்னும், வலதும் இடதுமாக ஓடி எடுக்கும். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் என்றாலே போடுகிறவரின் தோள் கழன்றுவிடும். உலக மேடையில் ஆடும் வீரர்களுக்கு, ஒருவர் மாற்றி ஒருவருக்கு, வருடக்கணக்கில் அதைச் செய்திருக்கிறீர்கள். அதுவும் பலமுறை கத்தி பட்ட முழங்காலை வைத்துக்கொண்டு.

உங்கள் மாணவி சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். இந்திய பேட்மிண்டனின் முதல் ஒலிம்பிக் பதக்கம். எதிராளி வாங் ஷின் காயத்தால் விலகியதால் கிடைத்தது என்று குறை சொன்னவர்கள் உண்டு. வெண்கலத்துக்கான ஆட்டம் வரைக்கும் போவதற்கு யாரும் விலகிக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். அதே லண்டனில் பாருபள்ளி காஷ்யப் காலிறுதி வரை போனார். இரண்டு ஆண்டு கழித்து கிளாஸ்கோவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். ஆண்கள் ஒற்றையரில் 1982-இல் சையத் மோடி வாங்கியதற்குப் பிறகு 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது.

கிடாம்பி ஸ்ரீகாந்த் உங்களிடம் வந்தபோது இரட்டையர் ஆடும் பையன். ஒற்றையருக்கு மாறு என்றீர்கள். 2014-இல் சீனாவுக்கே போய் அந்நாட்டின் லின் டானை இறுதியில் 21-19, 21-17 என்று வென்றான் அந்தப் பையன். 2017-இல் ஒரே ஆண்டில் நான்கு சூப்பர் சீரீஸ் பட்டங்கள். 2018-இல் உலகின் முதலிடம். ஒரு பையனைப் பார்த்து, இவன் இருக்க வேண்டிய இடம் இது இல்லை என்று கண்டுபிடிக்கிற கண் எல்லாப் பயிற்சியாளருக்கும் வாய்ப்பதில்லை.

பி.வி. சிந்துவைப் பற்றி என் மகளுக்கு அடிக்கடி சொல்வேன். சிறுமியாக இருந்தபோது உங்களிடம் பயிற்சிக்கு வர அவர் தினமும் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம் செய்தார். உயரம் இருந்தது, வீச்சு இருந்தது. சத்தம் போட மட்டும் கூச்சம். களத்தில் கத்தச் சொன்னீர்கள். எல்லோர் முன்னாலும் நடுக்கோர்ட்டில் நிற்க வைத்து, கத்தாமல் மட்டையைத் தொடக் கூடாது என்றீர்கள். அவர் அழுதார், கடைசியில் கத்தினார். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் குரலை அடக்கு என்று சொல்லியே வளர்க்கிற வீடுகள் நம்முடையவை. குரலை உயர்த்து என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதம் சிந்துவின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். தயிரும் ஐஸ்கிரீமும் கிடையாது. காலிறுதியில் வாங் யிஹானையும் அரையிறுதியில் ஒகுஹாராவையும் வென்றார்; இறுதியில் கரோலினா மரினிடம் மூன்று கேம் போராடித் தோல்வி. வெள்ளியோடு வந்த பெண்ணுக்குக் கைப்பேசியைத் திருப்பித் தருவேன், இனி ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று நீங்கள் சொன்னபோது, கண்டிப்பான வாத்தியாருக்குள் இருந்த வீட்டுப் பெரியவரை நாடு பார்த்தது. மூன்று ஆண்டு கழித்து பாஸலில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வென்று சிந்து உலகச் சாம்பியன் ஆனார். அதே போட்டியில் சாய் பிரணீத் வெண்கலம் வாங்கினார். ஆண்கள் ஒற்றையரில் 1983-இல் படுகோன் வாங்கியதற்கு அடுத்து அதுதான்.

நன்றி மடல் என்பதால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தேசியப் பயிற்சியாளரே சொந்தமாக ஒரு அகாடமியும் நடத்தினால் தேர்வில் நியாயம் இருக்குமா என்று கேட்டார்கள். ஒற்றையருக்குக் கிடைத்த கவனிப்பு இரட்டையருக்கு இல்லை என்று இரட்டையர் வீராங்கனை ஜுவாலா கட்டா வெளிப்படையாகவே சண்டை போட்டார். கேள்விகள் நியாயமானவை, எல்லாவற்றுக்கும் நிறைவான பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாளில் மலேசியாவின் டான் கிம் ஹெர் இரட்டையருக்குப் பயிற்சியாளராக வந்தார். அவர் சேர்த்து வைத்த சாத்விக்கும் சிராகும் உலகின் முதல் இடத்துக்குப் போனார்கள். தாவுபிக் ஹிதாயத்தை உருவாக்கிய இந்தோனேசியாவின் முல்யோ ஹண்டோயோ உங்கள் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எல்லாம் எனக்கே தெரியும் என்று நினைக்கிற ஆள் இருக்கும் இடத்தில் இது நடக்காது.

2014-இல் சாய்னா உங்களை விட்டு பெங்களூருக்குப் போனார். அந்த வலியை நீங்கள் பிறகு மறைக்காமல் எழுதினீர்கள். 2017-இல் அவர் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின்போது கொரோனாக் கட்டுப்பாட்டால் பயிற்சியாளர்களுக்கு இடம் குறைவு. சாய் பிரணீத்தின் பயிற்சியாளர் போகட்டும் என்று நீங்கள் உங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தீர்கள். அப்போது சிந்துவும் கொரியப் பயிற்சியாளர் பார்க் டே-சாங்கிடம் ஆடிக்கொண்டிருந்தார். சிந்து வெண்கலம் வாங்கியபோது நீங்கள் படத்தில் இல்லை. தான் நட்ட மரத்தின் நிழலில் தானே உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்காத மனம் அது.

அடுத்த ஆண்டு, 2022 மே மாதம், பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று இந்தியா ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை முதல்முறையாகத் தூக்கியது. அதுவரை இறுதி ஆட்டத்துக்குக் கூடப் போனதில்லை. படுகோன் அகாடமியில் வளர்ந்த லக்ஷ்யா சென், உங்களிடம் வளர்ந்த ஸ்ரீகாந்த், பிரணாய், சாத்விக் எல்லோரும் சேர்ந்து அடித்த வெற்றி. இரண்டு பழைய சாம்பியன்கள் கட்டிய இரண்டு பட்டறைகள் ஒரு அணியாக நின்றன. 2024 பாரிஸ் வெறுங்கையோடு முடிந்தது உண்மை. 1990-களில் ஒலிம்பிக் பேட்மிண்டனில் நாம் வெறுங்கையோடு திரும்பினால் யாரும் வருத்தப்பட்டதுகூட இல்லை. இன்று பதக்கம் இல்லை என்றால் நாடு கோபப்படுகிறது. அந்தக் கோபத்தையும் நீங்கள்தான் சம்பாதித்துக் கொடுத்தீர்கள்.

கடைசியாக ஒன்று. 2025 பிப்ரவரியில் நீங்கள் சொன்ன வார்த்தை எங்கள் வயிற்றைக் கலக்கியது. கையில் வசதியோ குடும்பத் தொழிலோ இல்லாதவர்கள் பிள்ளைகளை விளையாட்டில் இறக்க வேண்டாம் என்றீர்கள். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் வயிற்றெரிச்சல் என்று தள்ளியிருப்போம். சொன்னது நீங்கள். நுழைவுத் தேர்வில் தேறாமல் போனதை அதிர்ஷ்டம் என்று சிரித்த நீங்கள். சில நாள் கோபம் இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இறகு ஷட்டில் ஒரு டப்பா ஆயிரங்களில் விற்கிறது. நல்ல பயிற்சியில் ஒரு டப்பா ஒரே நாளில் தீர்ந்துவிடும். மட்டை, நரம்பு, காலணி, வெளியூர்ப் போட்டி, ரயில் செலவு, பள்ளியில் கெஞ்சி வாங்கும் விடுப்பு. இவ்வளவுக்கும் பிறகு உச்சிக்குப் போவது மிகச் சிலர். மற்றவர்களுக்கு இருபத்தைந்து வயதில் என்ன கதி என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து சேர வேண்டிய அகாடமியை நடத்துகிறவர், வியாபாரத்துக்குக் கெடுதல் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னீர்கள். குளிர்பான விளம்பரத்தை மறுத்த அதே ஆள்தான் பேசுகிறார் என்று பிறகு புரிந்தது. இதற்கும் நன்றி.

என் மகள் ஆட்டத்தை விடவில்லை. படிப்பையும் விடாமல் ஆடு என்று இப்போது கூடுதலாகச் சொல்கிறோம். ஆடி முடித்தவர்களுக்குப் படிப்பும் வேலையும் உறுதி செய்யும் ஏற்பாடு ஒன்று வந்தால், உங்கள் எச்சரிக்கை தேவையில்லாமல் போகும். அதை உருவாக்க நீங்கள் அரசுகளிடம் தொடர்ந்து பேச வேண்டும்; உங்கள் பேச்சைக் கேட்காமல் இருக்க யாராலும் முடியாது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோபிசந்த் என்ற வீரருக்குப் பின்னால் ஹைதராபாதின் எஸ்.எம். ஆரிஃப் என்ற பயிற்சியாளர் இருந்தார். உலகம் அவர் பெயரைப் பெரிதாகப் பேசியதில்லை. சிறு வயதில் சாய்னாவும் அவரிடம் ஆடியவர்தான். அப்படி ஒருவர் உங்கள் ஊர்க் கோர்ட்டிலும் இருப்பார். விடியலில் வந்து விளக்கைப் போட்டு, மாதக் கட்டணத்தை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு நிற்பார். கோபிசந்துக்கு நன்றி சொல்ல ஆசை இருந்தால், இந்த மாதம் அவருக்குச் சேர வேண்டிய பணத்தை முதல் தேதியிலேயே கொடுத்துவிடுங்கள்.


ஷட்டில் ஆடும் ஒரு மகளின் அப்பா